ஒரே மேசையில் இரண்டு ‘போர்’

கேள்வி: சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கிறோம். மகள் இங்கேயே பிறந்தவள், தொடக்கநிலை 5 (ஐந்தாம் வகுப்பு). என் அண்ணன் குடும்பம் வேலை மாறி போன வருடம்தான் திருச்சியிலிருந்து வந்தது. அண்ணன் மகன் வெளிநாட்டு மாணவர்களுக்கான ஏஇஐஎஸ் சேர்க்கைத் தேர்வு எழுதி, வேறொரு பள்ளியில் அதே தொடக்கநிலை 5-இல் சேர்ந்திருக்கிறான். பள்ளி விட்டதும் இரண்டு பேரும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் வீட்டுப்பாடம் செய்கிறார்கள். இரண்டு பேரும் சொல்வது ஒன்றேதான்: “இங்கிலீஷ் கிளாஸ் ரொம்ப போர்.” மகளுடைய ஆசிரியை “கவனம் இல்லை” என்கிறார். பையனுடைய ஆசிரியர் “அமைதியான பையன், வாயே திறப்பதில்லை” என்கிறார். ஏன் இப்படி? ஆசிரியர்களிடம் என்ன பேசுவது? டியூஷன் சென்டரை மாற்றலாமா?

பதில்:

தொடக்கப்பள்ளியில் 22 வருடம் ஆங்கிலம் கற்பித்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலரோடு உட்கார்ந்து புத்தகம் படிக்கிறேன். ‘போர்’ என்ற புகாரை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

உங்கள் வீட்டு மேசையில் இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னாலும், ஒரே விஷயத்தைச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். மகளுக்குத் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பையனுக்கு என்ன சொல்கிறார்கள் என்பதே பிடிபடவில்லை. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்: பென்சில் கையில், கண் ஜன்னலில்.

ராய்ன்ஹார்ட் பெக்ருன் என்ற உளவியலாளர் படிப்போடு சேர்ந்து வரும் உணர்ச்சிகளைப் பற்றி 2006-இல் ஒரு கோட்பாடு எழுதினார். சுருக்கமாகச் சொன்னால், பிள்ளையின் மனது ஒவ்வொரு வேலையையும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கும். இது என்னால் முடியுமா? இதனால் எனக்கு என்ன? இரண்டாவதற்கு ‘ஒன்றுமில்லை’ என்று பதில் வந்துவிட்டால், முதல் கேள்விக்கு ‘ரொம்பச் சுலபம்’ என்றாலும் சலிப்பு, ‘முடியவே முடியாது’ என்றாலும் சலிப்பு. நடுவில் இருக்கும் கொஞ்சம் கஷ்டமான இடத்தில்தான் பிள்ளை தன்னை மறந்து உட்காரும்.

இன்னொன்றும் உண்டு, இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. “எனக்குப் புரியவில்லை” என்று வகுப்பில் எழுந்து சொல்ல பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கூச்சம். “போர்” என்று சொல்லிவிட்டால் பழி வகுப்பின்மேல் போய்விடும். “புரியவில்லை” என்றால் தன்மேல் விழும். அதனால் ஒரு பையன் “போர்” என்று சொன்னால், அதைக் கொஞ்சம் தட்டிப் பார்த்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எப்படித் தட்டிப் பார்ப்பது? இந்த வாரத்துப் பயிற்சித்தாள்களை வாங்கி மேசையில் பரப்புங்கள். மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், தாளைப் பாருங்கள். என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவள் தாளில் ‘ஓ’, ‘ஏ’, ‘டி’ என்று வட்டம் உள்ள ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்குள்ளும் பென்சிலால் கறுப்படித்து வைத்திருப்பாள். சில ‘ஓ’க்களுக்குப் புருவம்கூட இருக்கும். விடை எல்லாம் சரி. நானோ கிறுக்குவதற்காகத் திட்டிக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு மிச்ச இருபது நிமிடத்தை அவள் எப்படியாவது கழித்தாக வேண்டியிருந்தது என்பது என் மண்டையில் ஏற இரண்டு பள்ளித் தவணை ஆனது.

பையனின் தாளில் வேறு தடயம் இருக்கும். முதல் இரண்டு கேள்விக்குப் பதில் இருக்கும், அப்புறம் கையெழுத்து தேய்ந்துபோயிருக்கும். கருத்தறிதல் விடைகள் பத்தியிலிருந்து ஒரு வரியை அப்படியே தூக்கி வைத்ததாக இருக்கும். அதே பத்தியை எடுத்து, “இதில் என்ன நடக்கிறது, தமிழில் சொல்லு” என்று கேளுங்கள். கதையை ஒழுங்காகத் தமிழில் சொல்லிவிட்டால் வாசிப்பில் பிரச்சினை இல்லை, எழுதுவதிலும் பேசுவதிலும்தான் முடிச்சு. தமிழிலும் சொல்லத் தெரியவில்லை என்றால் வாசிப்பிலேயே சிக்கல். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். தமிழ் தெரிந்த அத்தை வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று அப்போது தெரியும்.

சரி, போன வருடம்வரை இல்லாத சலிப்பு தொடக்கநிலை 5-இல் ஏன் வருகிறது? மகள் தொடக்கநிலை 1-இல் எப்படிப் படித்தாள் என்று யோசித்துப் பாருங்கள். 2006-இல் சில பள்ளிகளில் தொடங்கி, பிறகு எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்த ஸ்டெல்லார் என்ற ஆங்கிலப் பாடத்திட்டத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பெரிய புத்தகம் உண்டு. ஆள் உயரத் தாங்கியில் அதை வைத்து, பிள்ளைகள் தரையில் சுற்றி உட்கார, எல்லாரும் சேர்ந்து வாசிப்பார்கள், நடிப்பார்கள், வகுப்பாகவே ஒரு கதை எழுதுவார்கள். 2019-இலிருந்து தொடக்கநிலை 1, 2-க்கு மதிப்பெண் சேர்க்கும் தேர்வும் கிடையாது. வகுப்பிலும் 30 பேர்தான். மேல் வகுப்புக்கு வர வர வகுப்பு 40 பேர்வரை பெருகுகிறது, தரை மேசையாகிறது, கதை கோடிட்ட இடம் நிரப்பும் ‘க்ளோஸ் பாசேஜ்’ ஆகிறது. ஐந்தாம் வகுப்பிலேயே, ஆறாம் வகுப்பில் எழுதும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் நிழல் விழுந்துவிடும். அரையாண்டுத் தேர்வுகளை எல்லா வகுப்புக்கும் 2023-க்குள் நீக்கிவிட்டார்கள். கல்வி அமைச்சு தன்னால் ஆனதைச் செய்கிறது என்றே சொல்வேன். ஆனால் பெற்றோரின் பயத்தை எடுக்க எந்தச் சுற்றறிக்கையாலும் முடியாது. தேர்வு விட்டுப்போன இடத்தைத்தான் பயிற்சித்தாள் நிரப்புகிறது.

ஆசிரியர் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்றார்கள். தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. அதாவது ஒரே வகுப்பில் பலருக்கு ஆங்கிலம் வீட்டு மொழி, மற்றவர்களுக்குப் பள்ளி மொழி. நாற்பது பேருக்கு ஒருவர் பாடம் எடுக்கும்போது நடுவில் உள்ளவர்களைப் பார்த்துத்தான் எடுக்க முடியும். உங்கள் மகள் ஒரு ஓரத்தில், பையன் மறு ஓரத்தில். ஆசிரியர்மேல் கோபப்பட இதில் ஒன்றுமில்லை.

கோபப்பட வேண்டுமானால் என்மேல் படலாம். ஒருமுறை ‘அட்ஜெக்டிவ்’ பாடத்துக்காக ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து 42 ஸ்லைடு செய்தேன். ஆப்பிள் உருண்டு வரும், ‘ஷைனி’ என்ற சொல் மின்னும், கை தட்டல் சத்தம் வரும். பெருமை தாங்கவில்லை. பதினோராவது ஸ்லைடில் முன் வரிசைப் பையன் கையைத் தூக்கினான். சந்தேகம் கேட்கப்போகிறான் என்று பார்த்தால், “டீச்சர், ஹவ் மெனி மோர்?” பல வருடம் கழித்து, சீனப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆங்கில வகுப்பில் வரும் சலிப்பை அளக்க செங்சென் லி, ழான்-மார்க் டெவேல் முதலிய ஆய்வாளர்கள் உருவாக்கிய அளவுகோலைப் படித்தேன். அதில் சலிப்பின் வகைகளில் ஒன்றாக, பவர்பாயிண்ட் சலிப்பு என்று தனியாகவே ஒரு தலைப்பு! அந்தப் பையனை நினைத்துக்கொண்டேன். அந்த ஆப்பிளை உருட்டியதில் யோசித்தது நான். பிள்ளைகளுக்கு யோசிக்க ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

விளையாட்டு வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கஹூட் என்ற இணைய வினாடி வினாவைப் போட்டால் வகுப்பே கத்தும், உண்மை. ஆனால் ஈடுபாடு வேறு, ஆரவாரம் வேறு. ஃபிரெட்ரிக்ஸ், புளூமன்ஃபெல்ட், பாரிஸ் என்ற மூவர் 2004-இல் எழுதிய கட்டுரையில் ஈடுபாட்டை மூன்றாகப் பிரித்தார்கள்: நடத்தை, உணர்வு, சிந்தனை. உட்காரச் சொன்னால் உட்காருவது முதலாவது. வகுப்பு பிடித்திருப்பது இரண்டாவது. மண்டையைக் கசக்குவது மூன்றாவது. பையனின் ஆசிரியர் “அமைதியான பையன்” என்று சொன்னது முதலாவதைப் பார்த்து. கஹூட்டில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது. அதிலும் வேகமாகத் தட்டுகிறவருக்குத்தான் அதிகப் புள்ளி. கேள்வியை மனதுக்குள் தமிழில் புரட்டிப் பார்த்துவிட்டு விடைக்கு வருகிற பிள்ளை ஒவ்வொரு சுற்றிலும் கடைசிதான்.

வேகம் என்றதும் மேரி பட் ரோ நினைவுக்கு வருகிறார். 1970-களில் அமெரிக்க வகுப்பறைகளில் ஒலிநாடா வைத்து, ஆசிரியர் கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அளந்தார். சராசரியாக ஒரே ஒரு வினாடி! அதை மூன்று வினாடியாக நீட்டியதும் விடைகள் நீண்டன, ‘தெரியாது’ குறைந்தது, வழக்கமாக வாயைத் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். நான் இதைச் செய்து பார்த்த முதல் வாரம் நரகம்தான். மூன்று வினாடி மௌனம் வகுப்பில் அவ்வளவு நீளம். உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தின் முள்ளைப் பார்த்து நிற்பேன். வீட்டில் உங்களுக்கும் இது பொருந்தும். பையனிடம் ஆங்கிலத்தில் ஒன்று கேட்டால், அவன் பதில் சொல்வதற்குள் மகள் முந்திக்கொள்வாள். அவளை மூன்றுவரை எண்ணச் சொல்லுங்கள்.

இனி இருவரையும் வைத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம். ஒரே மேசையில் சுலபம் என்கிறவளும் கஷ்டம் என்கிறவனும் இருப்பது எந்த டியூஷன் சென்டரிலும் கிடைக்காத அமைப்பு.

முதலில் க்ளோஸ் பாசேஜ். இறுதித் தேர்வில் 15 கோடிட்ட இடங்களுக்கு 15 மதிப்பெண், பிள்ளைகள் அதிகம் வெறுக்கும் பகுதிகளில் ஒன்று. இதன் கதை எத்தனை பேருக்குத் தெரியும்? வில்சன் டெய்லர் என்பவர் 1953-இல் இதைக் கண்டுபிடித்தது பிள்ளைகளைச் சோதிக்க அல்ல. ஒரு கட்டுரை படிக்க எளிதா கடினமா என்று கட்டுரையைச் சோதிக்க. நடுநடுவே சொற்களை எடுத்துவிட்டு, வாசகர் எத்தனையைச் சரியாக நிரப்புகிறார் என்று பார்த்து எழுத்துக்கு மார்க் போட்டார். மகளிடம் இதைச் சொல்லிவிட்டு, வேலையைத் திருப்பிப் போடுங்கள். அவளுக்குப் பிடித்த புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் எடுத்து, எட்டுச் சொற்களை நீக்கி, மாமா பையனுக்காக ஒரு க்ளோஸ் தயாரிக்கட்டும். நிபந்தனை ஒன்று: ஒவ்வொரு கோடிட்ட இடத்துக்கும், விடையைக் கண்டுபிடிக்க உதவும் துப்பு எந்த வரியில் இருக்கிறது என்று அவள் காட்ட வேண்டும். துப்பு இல்லாத இடத்தைக் கோடிட்டிருந்தால் குற்றம் அவளுடையது. பத்து நிமிடத்தில் தாளை முடித்துவிட்டுப் புருவம் வரைகிற பிள்ளை, இதில் முக்கால் மணி நேரம் தலையைச் சொறிவதை நான் பார்த்திருக்கிறேன். பையனுக்கோ, யாரோ தேர்வாளர் போட்டதை விட அத்தை மகள் போட்ட கேள்வியில் பிழை கண்டுபிடிக்கும் ஆசை வரும்.

அடுத்தது ஓட்டச் சொல்வதெழுதுதல். ஐந்தாறு வரி உள்ள ஒரு பத்தியைச் சமையலறைக் கதவில் ஒட்டுங்கள். பையன் போய்ப் படித்து, நினைவில் நிற்கும் அளவைச் சுமந்து வந்து, மேசையில் இருக்கும் மகளிடம் சொல்ல வேண்டும். அவள் எழுத வேண்டும். (நடந்தால் போதும். வீவக அடுக்குமாடி வீட்டில் ஓடினால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார்.) என் சனிக்கிழமைக் கூட்டத்தில் இப்படி ஒரு பையன் ஓடி வந்து, “தே வாக்ட் வெஸ்ட்” என்றான். எழுதிய பெண், அவர்கள் பனியன் போட்டுக்கொண்டு நடந்ததாக எழுதிவைத்தாள். மேற்குத் திசைக்கும் பனியனுக்கும் தமிழில் எழுதினால் ஒரே ‘வெஸ்ட்’தான். ஆங்கிலத்தில் ஒன்றுக்கு உதடு குவிய வேண்டும், இன்னொன்றுக்குப் பல் உதட்டில் பட வேண்டும். அதுவரை இருபது தடவை திருத்தியும் ஏறாதது, தான் சொன்னது தப்பாகப் போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்ததும் ஏறியது. யாரும் அவனைக் கேலி செய்யவில்லை, ஏனென்றால் தோற்றது இரண்டு பேரும்.

மகளுக்குத் தனியாக ஒரு விஷயம். கட்டுரைக்காக டியூஷனில் ‘நல்ல சொற்றொடர்’ பட்டியல் கொடுத்திருப்பார்கள். இதயம் மேளம்போல் அடிக்கும், நெற்றியில் முத்து முத்தாய் வியர்க்கும், கால் ஜெல்லி ஆகும். எல்லாப் பிள்ளைகளின் கதையிலும் எல்லாருக்கும் இதயம் அடிக்கிறது, பணப்பை தொலைந்தாலும் சரி, தீப்பிடித்தாலும் சரி. ஒரு வகுப்பின் நாற்பது கட்டுரையையும் ஒரே இரவில் திருத்திப் பாருங்கள், சலிப்பு என்றால் என்ன என்று தெரியும்! தன்னுடையது எதுவும் இல்லாத எழுத்து, எழுதுகிற பிள்ளைக்கே அலுத்துவிடும். அவளைக் கீழே காப்பிக்கடைக்குக் கூட்டிப்போய், அங்கே பார்த்த ஒரே ஒரு மனிதரை மூன்று வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். பட்டியலிலிருந்து ஒரு சொல்லும் கூடாது.

அவள் சிங்லிஷ், அதாவது சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலம், பேசினால் அதையும் விரட்ட வேண்டாம். நல்ல ஆங்கிலம் பேசுவோம் இயக்கம் 2000-இல் தொடங்கியதிலிருந்து நம்மில் பலருக்குச் சிங்லிஷ் என்றாலே குற்ற உணர்ச்சி. வகுப்பில் தன் வாய்மொழி முழுக்கத் தப்பு என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு அந்த வகுப்பு எப்படிப் பிடிக்கும்? “அங்கிள், டேக்அவே கேன் ஆர் நாட்?” என்பதையே பள்ளி முதல்வருக்கு எழுதும் மின்னஞ்சல் நடையில் மாற்று என்றால் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே செய்வாள். யாருக்கு, எதற்காக எழுதுகிறோம் என்பதைத்தான் இறுதித் தேர்வின் சூழ்நிலை எழுத்துப் பகுதி 14 மதிப்பெண்ணுக்குக் கேட்கிறது.

பையனுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: முன்னோட்டம். அடுத்த வாரம் என்ன பத்தி படிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால், ஞாயிறு இரவே அதன் கதையைத் தமிழில் பேசிவிடுங்கள். முக்கியமான ஆறு சொற்கள் போதும். திங்கள்கிழமை வகுப்பில் ஆசிரியர் பேசுவது அவனுக்குக் காதில் விழும் இரைச்சலாக இல்லாமல், ஏற்கெனவே தெரிந்த கதையாக இருக்கும். திருச்சியில் இலக்கணம் படித்து வந்த பிள்ளைகள் செயப்பாட்டுவினையை இங்குள்ளவர்களைவிடச் சுத்தமாக எழுதுவார்கள். அவனுக்குத் தட்டுவது வேகமும் காதும்தான். வாசிக்க கிராஃபிக் நாவல் கொடுங்கள். காம்பஸ் ஒன் கட்டடத்து நூலகத்தில் வரிசையாக இருக்கும். ‘படக்கதையா’ என்று முகம் சுளிக்காதீர்கள். பேச்சு ஆங்கிலம் எப்படி ஓடுகிறது என்பது அந்தப் பலூன்களுக்குள்தான் இருக்கிறது.

வாய்மொழித் தேர்வையும் நினைவில் வையுங்கள். 2025 முதல் இறுதித் தேர்வில் ஆங்கிலத்துக்கான மொத்தம் 200-இல் அதற்கு 40 மதிப்பெண், முன்பு 30 இருந்தது. ஒரு புகைப்படத்தைக் காட்டி உரையாடச் சொல்வார்கள். சாப்பாட்டு நேரத்தில் உங்கள் போனில் உள்ள ஒரு படத்தை வைத்து ஐந்து நிமிடம் பேசினாலே பயிற்சி.

ஆசிரியர்களிடம் பேசும்போது ‘போர்’ என்ற சொல்லை எடுக்காதீர்கள். அவர் தற்காப்புக்குப் போய்விடுவார், நானும் போயிருக்கிறேன். மகளுடைய ஆசிரியையிடம், “வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டால் அவள் என்ன செய்யலாம்?” என்று மட்டும் கேளுங்கள். அந்தக் க்ளோஸ் தாளையும் எடுத்துப் போங்கள். பையனுடைய அம்மாவோ அப்பாவோ அவன் ஆசிரியரிடம், “அவனைக் கேட்கப்போகும் கேள்வியை ஒரு நாள் முன்னதாகச் சொல்ல முடியுமா?” என்று கேட்கட்டும். இதற்கு ஆசிரியருக்குச் செலவு ஒரு நிமிடம். வகுப்பில் ஒரே ஒருமுறை சரியாகப் பதில் சொன்ன பிள்ளை அடுத்த முறை தானாகக் கையைத் தூக்குவதற்கு வாய்ப்பு அதிகம். நாட்குறிப்பில் எழுதினாலும் சரி, மின்னஞ்சலில் கேட்டாலும் சரி, இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

டியூஷன். மகள் எத்தனை வகுப்புக்குப் போகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆங்கிலத்துக்கு ஒன்று போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே திங்கள்கிழமை செய்த அதே வகைத் தாள்தான் வியாழக்கிழமை பள்ளியில் வருகிறது. அரைத்த மாவையே அரைத்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் சலிக்காது? சென்டரை மாற்றினால் அரைக்கும் கல்தான் மாறும். ஒரு தவணைக்கு அதை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் இரண்டு பேரையும் நூலகத்துக்கு அனுப்புங்கள். பையனுக்குத் தனியாக ஆள் வேண்டும் என்று தோன்றினால் நாலு பேருக்கு மேல் இல்லாத சின்னக் குழுவாகப் பாருங்கள். முதல் வகுப்புக்குப் போய்விட்டு வந்ததும் ‘என்ன சொல்லிக்கொடுத்தார்கள்’ என்று கேட்காதீர்கள். ‘நீ எத்தனை தடவை பேசினாய்’ என்று கேளுங்கள். மூன்றுக்குக் கீழே சொன்னால் அடுத்த மாதக் கட்டணத்தைக் கட்ட வேண்டாம்.